சபை கொயரில் கிட்டார் வாசிப்பவர் ராக் கேட்கத் தொடங்குவது எப்படி?

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து எழுதும் தம்பி கேட்டிருப்பது இது: சபை கொயரில் கிட்டார் வாசிக்கிறேன், கல்லூரி விடுதியில் எல்லோரும் ராக் பேண்டுகளைப் பற்றியே பேசுகிறார்கள், எனக்கு ஆங்கிலப் பாட்டில் வரி பிடிபடுவதில்லை, வீட்டில் அம்மா அதைச் சாத்தான் பாட்டு என்கிறார், தொடங்குவதற்குச் சில பாட்டுகள் சொல்லுங்கள், கிறிஸ்துமஸ் கேரலில் அந்த மாதிரி வாசிக்கலாமா என்றும் சொல்லுங்கள். பாட்டுப் பட்டியல் யாரிடம் கேட்டாலும் கிடைக்கும். வரி புரியாமலும் வீட்டாரின் மனசு நோகாமலும் இந்த இசைக்குள் எனக்கு இடம் உண்டா என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். உண்டு. கொயரில் நின்றவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. நான் நாகர்கோவிலில் பல வருடங்களாகக் கிட்டார் சொல்லிக்கொடுப்பவன். அதற்கு முன்னால் மைக்செட்டில் வேலை பார்த்தவன். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை சபையில் பாஸ் கிட்டார் வாசிக்கிறேன். அந்தப் பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் வரி விஷயம். நீங்கள் பாமாலை என்ற சபைப் பாட்டுகளைப் பாடும்போது சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்று நான்கு குரல்கள் தனித்தனியே போவதையும் ஓரிடத்தில் சேர்வதையும் கேட்டுப் பழகியவர். அந்தக் காதை அப்படியே ராக் பாட்டின் மேல் வையுங்கள். அங்கேயும் பெரும்பாலும் நான்கு பேர்தான்: பாடுகிறவர், கிட்டார், பாஸ் கிட்டார், டிரம்ஸ். ஒரே பாட்டை நாலு தடவை போட்டு, ஒவ்வொரு தடவையும் ஒருவரை மட்டும் பின்தொடர்ந்து போங்கள். வரி ஒன்றுகூடப் புரியாவிட்டாலும் பாட்டு எங்கே மூச்சு வாங்குகிறது, எங்கே கோபப்படுகிறது, எங்கே ஒதுங்கி நிற்கிறது என்பது தெரிந்துவிடும். வரிகளின் அர்த்தத்தை அதற்குப் பிறகு ஒருநாள் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பாஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, உங்கள் கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸில். போன் ஸ்பீக்கர் அவ்வளவு கீழே இறங்காது. நாலு பேரில் ஒருவரைக் கேட்காமலேயே பாட்டு பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுவீர்கள். சாதாரண வயர் ஹெட்போன் போதும்.

பட்டியலின் முதல் பாட்டு அம்மாவையும் மனதில் வைத்துச் சொல்வது. சிஸ்டர் ரொசெட்டா தார்ப் பாடிய 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹேப்பனிங் எவ்ரி டே'. பதிவானது 1944-இல். ரொசெட்டா 1915-இல் அமெரிக்காவின் ஆர்கன்சாவில் பிறந்தவர், பெந்தெகொஸ்தே சபையில் தாயோடு நின்று சிறுவயதிலிருந்தே கிட்டாருடன் பாடி வளர்ந்தவர். அந்தப் பாட்டு ஒரு சுவிசேஷப் பாட்டு. அதில் அவர் எலெக்ட்ரிக் கிட்டாரை வாசிக்கும் விதத்தைக் கேளுங்கள். பத்து வருடம் கழித்து ராக் அண்ட் ரோல் என்று உலகம் பெயர் வைத்துக் கொண்டாடிய துள்ளல் அதில் ஏற்கெனவே இருக்கிறது. முதல் ராக் பாட்டு எது என்பது இன்றுவரை தீராத வாதம். சிலர் இதைச் சொல்வார்கள், சிலர் 1951-இல் வந்த 'ராக்கெட் 88' என்பார்கள். அந்த வாதத்தில் நான் எந்தப் பக்கமும் நிற்கவில்லை. ஆனால் சபை மேடையிலிருந்து ராக் மேடைக்கு ஒரு பாதை போனது என்பதில் சந்தேகமே இல்லை. எல்விஸ் பிரெஸ்லி அசெம்ப்ளீஸ் ஆஃப் காட் சபையில் வளர்ந்தவர். அவ்வளவு பெரிய ராக் பாடகருக்குப் போட்டியில் கிடைத்த கிராமி விருதுகள் மூன்று, மூன்றும் ஆராதனைப் பாடல்களுக்குக் கிடைத்தவை. அவற்றில் இரண்டு 'ஹவ் கிரேட் தௌ ஆர்ட்' பாட்டுக்கு உரியவை, நம் ஊர் ஆங்கில ஆராதனைகளில் பாடுகிறோமே, அதே பாட்டு. இதை அம்மாவிடம் சொல்லலாம். ரொசெட்டா இரவு விடுதிகளிலும் பாடினார், அதற்காகச் சபை மக்களே அவரைக் கடிந்துகொண்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இந்த மனஸ்தாபம் அப்போதிருந்தே இருக்கிறது. அம்மாவின் பயத்தை அறியாமை என்று தள்ளிவிட வேண்டாம்.

அடுத்து சக் பெரியின் 'ஜானி பி. குட்', 1958. கிட்டார் வாசிக்கத் தெரிந்த ஏழைப் பையன் ஒருவனின் கதை. 1977-இல் விண்வெளிக்குப் போன வாயேஜர் கலங்களில் பூமியின் ஓசைகளை ஒரு தங்கத் தட்டில் பதிந்து அனுப்பினார்களே, அதில் பீத்தோவனோடும் கேசர்பாய் கேர்கரின் பைரவியோடும் இந்தப் பாட்டும் போயிருக்கிறது. உங்களுக்கு இதில் வேண்டியது அந்தப் பெருமை இல்லை, பாட்டின் எலும்புக்கூடு. மூன்றே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு), பன்னிரண்டு பார் (நாலு எண்ணிக்கை கொண்ட தாளத் துண்டு). முதல் நான்கு பார் சுதி கார்டிலேயே நிற்கும், பிறகு இரண்டு பார் சுதியிலிருந்து எண்ணி நான்காவது சுரத்தின் கார்டு, திரும்ப இரண்டு பார் சுதி, கடைசி நான்கில் ஐந்தாவதைத் தொட்டு வீடு வந்துவிடும். ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையிலிருந்து வந்த இந்த வட்டத்தைக் கையில் பிடித்துவிட்டால் நூற்றுக்கணக்கான ராக் பாட்டுகள் உங்களுக்குப் பாதி தெரிந்த பாட்டுகள். இன்னொன்றையும் கவனியுங்கள்: அவர் ஒரு வரி பாடிவிட்டு நிறுத்துகிறார், கிட்டார் பதில் சொல்கிறது. கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். புலவர் ஒரு அடியை விட, பின்பாட்டுக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள், குடமும் உடுக்கும் இடைவெளியை நிரப்பும். ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல ஆதாரமும் கிடையாது. கேட்டு வாங்கிப் பாடும் பழக்கம் நம் காதுக்குப் புதிதில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

கிட்டாரின் அந்தக் கரகரப்பு எங்கிருந்து வந்தது என்று விடுதியில் யாராவது கேட்டால் த கிங்க்ஸ் குழுவின் 'யூ ரியலி காட் மீ' பாட்டைப் போட்டுக்காட்டுங்கள். 1964. டேவ் டேவிஸ் என்ற பையன் தன்னுடைய சின்ன ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் காகிதத்தை சவர பிளேடால் கிழித்து, அந்தக் கிழிசலின் அதிர்வைப் பெரிய ஆம்ப்ளிஃபையர் வழியாக வெளியே விட்டார். மைக்செட்டில் இருந்த காலத்தில் ஸ்பீக்கர் கிழிந்தால் எங்களுக்கு வயிறு கலங்கும். ஆனால் அந்தப் பாட்டில் கிழிசல்தான் குரல். அதில் வரும் சோலோவை, அதாவது தனி வாசிப்பை, பின்னாளில் லெட் ஸெப்பலின் குழுவின் கிட்டார்காரரான ஜிம்மி பேஜ் வாசித்தார் என்று ஒரு கதை வெகுநாளாக உலாவுகிறது. பேஜே அதை மறுத்திருக்கிறார். விடுதியில் அந்தக் கதை வந்தால் நம்பாதீர்கள்.

இனி சாத்தான் விஷயத்துக்கு நேராகவே வருகிறேன். அந்தக் குற்றச்சாட்டை அதிகம் சுமந்த குழு பிளாக் சபாத். 1970-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தின் முதல் பாட்டின் பெயரும் 'பிளாக் சபாத்' தான். மழை, கோயில் மணி, பிறகு மூன்று சுரங்கள்: ஜி, மேல் ஜி, அப்புறம் சி ஷார்ப். நம் கர்நாடக சங்கீதக் கணக்கில் சட்ஜமும் (ச) பிரதி மத்யமமும் (மேல் ம). இந்த இடைவெளியை இடைக்காலச் சபை தடை செய்திருந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். அப்படி ஒரு தடை ஆணை இருந்ததற்கு ஆதாரம் இல்லை. பாடுவதற்குக் கடினமான, கூசுகிற இடைவெளி என்று இசை ஆசிரியர்கள் ஒதுக்கச் சொன்னது உண்மை. பந்துவராளியும் கல்யாணியும் கேட்டு வளர்ந்த நமக்கு சட்ஜத்தோடு பிரதி மத்யமம் நிற்பதில் என்ன பயம்? பாட்டின் வரிகளைப் படித்தால் அது சாத்தானைக் கும்பிடும் பாட்டு இல்லை என்பதும் தெரியும். கறுப்பு உருவம் ஒன்றைக் கண்டு நடுங்கி, கடவுளே காப்பாற்று என்று கதறுகிற ஒருவனின் பாட்டு அது. இதே குழு 1971-இல் 'ஆஃப்டர் ஃபாரெவர்' என்று வெளிப்படையாகவே விசுவாசத்தைப் பேசும் பாட்டு ஒன்றும் செய்திருக்கிறது. எழுதிய கீசர் பட்லர் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். அதற்காக எல்லா ராக் பாட்டும் பக்தி என்று நான் சாதிக்க மாட்டேன். போதையையும் வன்முறையையும் கொண்டாடும் பாட்டுகள் உண்டு, அவற்றை என் மாணவர்களுக்கு நான் கொடுப்பதில்லை. அம்மாவோடு பேசும்போது மொத்தமாக ஆதரிக்காமல் பாட்டு பாட்டாகப் பேசுங்கள்.

பிளாக் சபாத்தின் கிட்டார்காரர் டோனி ஐயோமியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பர்மிங்ஹாமில் தகரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தபோது பதினேழு வயதில் இயந்திரத்தில் சிக்கி வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடதுகைப் பழக்கக்காரர், அதனால் போனது தந்தியை அழுத்துகிற விரல்கள். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தானே விரல் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார், மெல்லிய தந்தி போட்டார், பிற்பாடு சுதியையும் இறக்கினார். அந்த இறங்கிய சுதியின் கனம்தான் பின்னால் வந்த மெட்டல் என்ற கனத்த ராக் இசை முழுவதற்கும் அடித்தளம். விரல் வலிக்கிறது என்று, ஒரே விரலால் எல்லாத் தந்திகளையும் அழுத்தும் பார் கார்டைத் தவிர்க்கிற பிள்ளைகளுக்கு நான் எப்போதும் இவரைப் பற்றிச் சொல்வேன்.

நாளைக்கே வாசிக்க ஒரு பாட்டு வேண்டுமென்றால் க்ரீடென்ஸ் க்ளியர்வாட்டர் ரிவைவல் குழுவின் 'ஹேவ் யூ எவர் சீன் த ரெயின்', 1971. ஏ மைனர், எஃப், சி, ஜி தெரிந்தால் போதும். பளிச்சென்ற வெயிலில் பெய்யும் மழையைப் பற்றிக் கேட்கிற பாட்டு. காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம் என்று சொல்லி நனைந்த நமக்கு அது ஆங்கிலமே தெரியாமலும் விளங்கும். வியட்நாம் போரின் குண்டு மழையைச் சொல்கிறது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எழுதிய ஜான் ஃபோகர்ட்டியோ, எல்லாப் புகழும் கைக்கு வந்த நேரத்தில் தன் குழு உடைந்துகொண்டிருந்த துக்கம் அது என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் டாம் குழுவை விட்டு விலகிய சமயம் அது. நான் ஃபோகர்ட்டியின் பேச்சையே எடுத்துக்கொள்கிறேன்.

தாளத்துக்கு வருவோம், எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். லெட் ஸெப்பலினின் 'வென் த லெவி பிரேக்ஸ்', 1971. மூலப் பாட்டு 1929-இல் கேன்சஸ் ஜோ மெக்காயும் மெம்ஃபிஸ் மின்னியும் பதிந்தது, 1927-இல் மிசிசிப்பி ஆறு கரையை உடைத்த வெள்ளத்தைப் பற்றியது. குழித்துறை ஆறு கரைபுரண்டதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாட்டின் பயம் அந்நியமாக இருக்காது. ஜான் பான்ஹமின் டிரம்ஸைத் தனியாகக் கேளுங்கள். ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில் மாடிப்படிக் கூடத்தின் அடியில் டிரம்ஸை வைத்து, மைக்குகளை மேல் மாடியிலிருந்து தொங்கவிட்டுப் பதிந்தார்கள். அந்த முழக்கத்தில் பாதி அந்த வீட்டுடையது. உயரமான கூரை உள்ள பழைய தேவாலயத்தில் டிரம்ஸ் அடித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும், அடி விழுந்த பிறகு கட்டிடம் ஒரு பதில் சொல்லுமே, அது. அவர்களுடைய 'காஷ்மீர்' பாட்டில் (1975) டிரம்ஸ் நாலு எண்ணிக்கையில் போகும், கிட்டார் மூன்று எண்ணிக்கையில் போகும், பன்னிரண்டில் இரண்டும் சேரும். கையில் தட்டிப் பாருங்கள். அந்தப் பாட்டுக்கும் காஷ்மீருக்கும் சம்பந்தம் இல்லை. மொராக்கோவின் தெற்கில் பாலைவன வழியே வண்டியில் போனபோது குழுவின் பாடகர் ராபர்ட் பிளாண்டுக்குத் தோன்றிய வரிகள். பிங்க் ஃபிளாய்டின் 'மனி' (1973) ஏழில் போகும் பாட்டு. நாணயமும் கல்லாப்பெட்டியும் சேர்ந்த ஓசையைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு அதன் மேல் பாஸ் நுழைகிறது. கர்நாடக சங்கீதத்தின் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாப்பு தட்டத் தெரிந்தவருக்கு ஏழு பயமுறுத்தாது, பிரிப்பு மட்டும் சாப்புவின் பிரிப்பாக இருக்காது. சாக்ஸஃபோன் ஏழிலேயே வாசித்து முடித்ததும் கிட்டார் சோலோவுக்காக மொத்தக் குழுவும் நாலுக்கு மாறும், அந்த இடத்தில் தரை விரிந்தது மாதிரி இருக்கும். பிறகு திரும்ப ஏழு. இந்த மாற்றத்தை நீங்களாகவே பிடிக்கும் நாளில் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், மனசார சந்தோஷப்படுவேன்.

கொயர்காரருக்கென்றே ஒரு பாட்டு, குயீனின் 'போஹீமியன் ராப்சடி', 1975. கிட்டத்தட்ட ஆறு நிமிடம். நடுவில் ஒரு பெரிய பாடகர் குழு பாடுவது போலக் கேட்கும். பாடியவர்கள் மூன்றே பேர்: ஃப்ரெடி மெர்குரி, பிரையன் மே, ரோஜர் டெய்லர். தங்கள் குரலின் மேலேயே திரும்பத் திரும்பப் பாடி அடுக்கியிருக்கிறார்கள். உச்சத்தில் கேட்கும் அந்தக் குரல் டிரம்ஸ் வாசிக்கும் டெய்லருடையது. ஃப்ரெடி சான்சிபாரில் பிறந்த பார்சி, படித்தது மகாராஷ்டிராவின் பஞ்ச்கனியில் புனித பேதுரு பள்ளியில். பிரையன் மே வாசிக்கும் கிட்டார் அவரும் அவருடைய அப்பாவும் பழைய கணப்பு மேடையின் மரத்தை வைத்து வீட்டிலேயே செய்தது. ஆல்டோவையும் டெனரையும் பிரித்துக் கேட்கும் பழக்கம் உள்ள நீங்கள் இந்தப் பாட்டை விடுதி நண்பர்களைவிட ஆழமாகக் கேட்பீர்கள், இதை முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை.

'ஹோட்டல் கலிஃபோர்னியா' (ஈகிள்ஸ், 1976) கிட்டார் வாங்கிய எல்லோரும் கேட்கும் பாட்டு, நீங்களும் கேட்கத்தான் போகிறீர்கள். கடைசியில் டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் மாறி மாறி வாசித்து, பிறகு ஜோடியாகச் சேர்ந்து இறங்குவார்கள். அந்த ஜோடி வாசிப்பில் ஒருவருக்கும் மற்றவருக்கும் உள்ள இடைவெளி உங்கள் கொயரில் சோப்ரானோவும் ஆல்டோவும் சேர்ந்து போகும் இடைவெளிதான். அர்த்தத்தைப் பற்றி ஏகப்பட்ட கதைகள், சாத்தான் சபை என்பதும் அதில் ஒன்று. எழுதியவர்கள் ஆடம்பர வாழ்க்கையின் மயக்கத்தைப் பற்றியது என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' (டீப் பர்ப்பிள், 1972) பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோவில் சூதாட்ட மன்றம் ஒன்று எரிந்ததைக் கண்ணால் கண்டு எழுதியது. அந்தப் புகழ்பெற்ற தொடக்கத் துண்டை எல்லோரும் பிக் (தந்தி மீட்டும் வில்லை) வைத்து, ஐந்து சுரத் தொலைவில் உள்ள இரண்டு சுரங்களைச் சேர்த்து, ஐந்தாம் இடைவெளியில் வாசிப்பார்கள். ரிச்சி பிளாக்மோர் விரலால் மீட்டி, நான்காம் இடைவெளியில் வாசிக்கிறார். அப்படி மாற்றி வாசித்துப் பாருங்கள், ஓசை உடனே சரியாகிவிடும். பிக் இல்லாமல் விரலால் வாசிப்பதன் அழகு முழுதும் தெரிய டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 'சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்', 1978. 'இளைய நிலா பொழிகிறதே' பாட்டின் கிட்டாரில் மனசைப் பறிகொடுத்தவர் என்றால் மார்க் நாப்ஃப்லரின் விரல்களும் உங்களைப் பிடித்துக்கொள்ளும். மெட்டலிக்காவின் 'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்' (1991) தொடக்கத்தில் இடது கைக்கு வேலையே இல்லை, திறந்த தந்திகள் மட்டும். ஆறு எண்ணிக்கையில் போகும். ஒரு வாரத்தில் தொடக்கம் வந்துவிடும், பாட்டு முழுதும் வர அதைவிட நாளாகும்.

என்னுடைய எல்லையையும் சொல்லிவிடுகிறேன். 1990-களோடு என் காது ஏறக்குறைய நின்றுவிட்டது. அதற்குப் பின் வந்த மெட்டல் வகைகளில் எது நல்லது என்று கேட்டால் விடுதி நண்பர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள், அவர்களிடம் கேளுங்கள். இந்த வரிசையும் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்ததில் அமைந்தது, வேறு வாத்தியார் வேறு வரிசை சொல்வார்.

கேரல் கேள்விக்குப் பதில்: வாசிக்கலாம், ஆனால் கொயர் மாஸ்டரிடம் முதலில் பேசிவிட்டு. டிஸ்டார்ஷன், அதாவது கிட்டாரின் அந்தக் கரகரப்பு, வேண்டாம். வீடு வீடாகப் போகும் கேரலில் பாடுகிறவர்களின் குரலை அது முழுங்கிவிடும், சின்ன முற்றத்தில் பாட்டிகளும் கைக்குழந்தைகளும் நிற்பார்கள். ரொசெட்டாவின் அந்தத் துள்ளலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கேரலில் துள்ளலாகப் பாடும் தமிழ்ப் பாட்டு ஒன்றை எடுத்து, அதன் மூன்று கார்டுகளுக்கு அடியில் பாஸ் தந்தியில் அந்த நடையை வாசித்து, வரிக்கு வரி இடைவெளியில் கிட்டார் ஒரு சின்ன பதில் சொல்லட்டும். டிரம்ஸுக்குப் பதில் டாம்பரின் போதும். ஒத்திகைக்கு அம்மாவையும் கூப்பிடுங்கள். வாசித்து முடித்த பிறகு ரொசெட்டாவின் பாட்டை அவருக்குப் போட்டுக்காட்டுங்கள்.